யாரிடம் பேசுகிறார்கள் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை

வணக்கம். அம்மாவுக்கு 74 வயது. மாகுலா சிதைவு (விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகும் நோய்), இரண்டு கண்ணிலும் 6/60 பார்வைதான்; அதாவது நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டரில் காண்பதை அவர் 6 மீட்டரில்தான் காண்பார். சாப்பாட்டு மேசையில் நான் மனைவியிடம் கேட்பதற்கு அம்மா பதில் சொல்கிறார். அவரிடமே கேட்டால் பேசாமல் இருக்கிறார். காது நன்றாகக் கேட்கிறது. பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் தலைக்கு மேலே பார்க்கிறார். புத்தி தடுமாறுகிறதோ என்று பயமாக இருக்கிறது.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியிருக்கும் மூன்றுக்கும் கண்ணே போதுமான காரணம்.

ஒருவர் நம்மைப் பார்க்கிறாரா என்பதை, விழியின் வெள்ளைக்குள் கருவிழி எங்கே நிற்கிறது என்பதிலிருந்தே கண்டுகொள்கிறோம். நீங்கள் எதிரே 2 மீட்டர் தள்ளி இருக்கிறீர்கள், அம்மாவுக்கு அரை மீட்டர் பக்கத்தில் மனைவி என்று வையுங்கள். அம்மாவை விட்டு மனைவியைப் பார்க்க உங்கள் கண் 14 பாகை திரும்பினால் போதும். கருவிழி நகர்வது 3 மில்லிமீட்டர். 6/60 பார்வைக்கு அந்தத் தூரத்தில் சுமார் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த நுணுக்கம் பிடிபடாது.

எதிரே இருப்பவரின் கண் தெளிவாகத் தெரியாதபோது மூளை ‘என்னைத்தான் பார்க்கிறார்’ என்ற பக்கம் சாய்கிறது. இது நல்ல பார்வை உள்ளவர்களிடமே சோதித்து அறியப்பட்டது. அதனால்தான் முந்திக்கொண்டு பதில் வருகிறது. நாலு முறை அப்படித் தவறிப்போனவர் ஐந்தாம் முறை வாய் திறக்கத் தயங்குவார். அந்த மௌனத்தை மறதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தலைக்கு மேலே பார்ப்பது குறையல்ல, திறமை. விழித்திரையின் நடுப்பகுதி பழுதானவர்கள் நல்ல ஓரப்பகுதியில் முகம் விழும்படி கண்ணைத் தள்ளி வைத்துக்கொள்வார்கள். “என்னைப் பாரும்மா” என்று தயவுசெய்து திருத்தாதீர்கள். நேராகப் பார்த்தால் உங்கள் முகமே மறைந்துவிடும்.

கண்ணை மட்டும் திருப்பாமல் தலையையும் தோளையும் சேர்த்துத் திருப்பிப் பேசுங்கள். தலை 15 பாகை திரும்பினாலே மூக்கு நுனி இரண்டரை சென்டிமீட்டர் நகரும். அது அவருக்குத் தெரியும். 1 மீட்டருக்குள் உட்காருங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் உங்கள் முகம் இருண்டுவிடும். வெளிச்சம் அம்மாவின் பின்னாலிருந்து உங்கள் மேல் விழட்டும். கண்ணாடி அணிபவரானால் அதில் டியூப்லைட் பளிச்சிடாதபடி இடம் மாறுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பலன் தருவது, கூப்பிட்டுவிட்டுக் கேட்பது. “அம்மா” என்று முதலில் சொல்லி ஒரு நொடி நிறுத்துங்கள், பிறகு கேள்வி. “மாத்திரை போட்டாச்சாம்மா?” என்று கடைசியில் சேர்த்தால், கேள்வி முடியும்வரை அது யாருக்கு என்று அவர் தேடிக்கொண்டிருப்பார். மனைவியிடம் பேசும்போதும் அவர் பெயரைச் சொல்லியே தொடங்குங்கள்.