டாக்டர் பதில்கள்: கைக்கடிகாரம் சொல்லும் ‘ரத்தக்குழாய் வயது’

கேள்வி: மகள் வாங்கித் தந்த கைக்கடிகாரம் என் ‘ரத்தக்குழாய் வயது’ ஒரு நாள் 58 என்கிறது, மறுநாள் 71 என்கிறது. எனக்கு வயது 63. பிரஷர் 158/74. கீழ் எண் நன்றாக இருக்கிறது, பயமில்லை என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எதை நம்புவது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரண்டையும் விடுங்கள் அம்மா. 158-இல் 74-ஐக் கழித்தால் 84. அதைத்தான் பார்க்க வேண்டும். நெஞ்சிலிருந்து கிளம்பும் பெருந்தமனி ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து கொடுத்து, பிறகு சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். விறைத்துப்போனால் விரியாது, மேல் எண் ஏறும். சுருங்கித் தள்ளவும் முடியாது, கீழ் எண் இறங்கும். வயதானவர்களுக்கு இந்த இடைவெளி 60-ஐத் தாண்டினால் விறைப்பைச் சந்தேகிக்கிறோம். ஆக, உங்கள் 74 ஆறுதலான எண் அல்ல. இதய வால்வு கசிந்தாலும், தைராய்டு கூடினாலும், ரத்தச்சோகை இருந்தாலும் இடைவெளி விரியும் என்பதால் கிளினிக்கில் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கடிகாரமோ மணிக்கட்டில் ஒளி பாய்ச்சி, துடிப்பலையின் வடிவத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. கை குளிர்ந்தாலோ பட்டை தளர்ந்தாலோ அலை மாறும், ‘வயது’ம் மாறும்.

முறையான சோதனை வேறு. கழுத்திலும் தொடை இடுக்கிலும் துடிப்பைப் பிடித்து அலையின் வேகத்தை அளப்பார்கள். இடைத்தூரம் 60 செ.மீ. என்றால் அதில் 80 விழுக்காட்டை, அதாவது 48 செ.மீ.யைத்தான் எடுத்துக்கொள்வார்கள். அலை அதை 0.06 விநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 8 மீட்டர், 0.048 விநாடியில் கடந்தால் 10. பத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

வீட்டில் மேல்கைப் பட்டைக் கருவியே போதும். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, மாத்திரைக்கும் பசியாறுவதற்கும் முன் 5 நிமிடம் முதுகு சாய்த்து உட்காருங்கள். கால்மேல் கால் வேண்டாம், பேச்சும் வேண்டாம். சட்டைக் கையின் மேல் கட்டாதீர்கள். பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் 2 முறை, மாலையிலும் அப்படியே, 7 நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மற்றதற்குச் சராசரி எடுங்கள். 135/85-ஐத் தொட்டால் அதிகம். கை பருமனானவர்கள் சிறிய பட்டை கட்டினால் பொய்யாக ஏறிக் காட்டும்; கடைக்காரர் தருவதை அப்படியே வாங்காமல் கைச்சுற்றை அளந்து வாங்குங்கள்.

கேள்வி: கையிலும் கணுக்காலிலும் பட்டை கட்டி அளந்ததில் 1,460 வந்தது. 10-க்குள் இருக்க வேண்டும் என்கிறார்களே?
– வாசகர், பீடோங்

பதில்: அது விநாடிக்குச் செ.மீ. கணக்கு ஐயா, மீட்டரில் 14.6. கால் குழாய்களும் சேர்வதால் இந்த அளவு இயல்பிலேயே கூடுதல். இதற்கு எல்லை 1,800. கழுத்து–தொடை அளவின் 10-உடன் ஒப்பிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதே தாளில் கணுக்கால்–கை பிரஷர் விகிதமும் இருக்கும். அது 0.9-க்குக் கீழே என்றால் காலில் அடைப்பு இருக்கலாம். அப்போது 1,460-ஐ நம்ப முடியாது, குறைத்துக் காட்டும். அடுத்த முறை 3 மணி நேரம் முன்பிருந்தே கோப்பி, சிகரெட், சாப்பாடு வேண்டாம். அன்றைய பிரஷரையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். பிரஷர் ஏறியிருந்தால் வேகமும் ஏறும்.

கேள்வி: விறைப்பை இளக்க மாத்திரை உண்டா?
– வாசகி, தாப்பா

பதில்: அதற்கென்று தனி மாத்திரை இல்லை. பிரஷர் மாத்திரையை விடாதீர்கள். சிகரெட்டை நிறுத்துங்கள், வேகமாக நடங்கள். உப்பு ஒரு நாளுக்கு மொத்தம் 5 கிராமுக்குள். கருவாடு, கிச்சாப், மேகித் தூள் எல்லாம் அதில் அடக்கம். மாத்திரை கூட்டியபின் எழுந்து நிற்கையில் தலை சுற்றினால், நீங்களாகக் குறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.