செரற்றோனின் ஞாபகத்தை மங்கச் செய்யுமா?

கேள்வி: 31 வயதான என் தங்கை, மனச்சோர்வுக்காக வைத்தியர் கொடுத்த புளுஒக்செற்றின் குளிசையை மூன்று கிழமையாக எடுத்து வருகிறாள். அது மூளையில் நரம்புக்கலங்களுக்கிடையே செய்தி கடத்தும் செரற்றோனின் என்னும் பொருளைக் கூட்டும் என்றார்கள். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகனோ, ஞாபகத்துக்குரிய மூளைப் பகுதியான ஹிப்போகம்பசில் செரற்றோனின் நரம்புக்கலங்களை அடக்கும் என்று வாசித்ததாகச் சொல்கிறான். அப்படியானால் குளிசை அவளுடைய ஞாபகத்தைக் கெடுக்காதா? இன்னும் குணம் தெரியவில்லை, நிறுத்திவிடலாமா?
ஒரு சகோதரி, கொக்குவில்

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைத்தியரைக் கேளாமல் குளிசையை நிறுத்த வேண்டாம்.

உங்கள் மகன் வாசித்தது பிழையன்று. ஆனால் அது பாதி மட்டுமே. மூளைத்தண்டின் நடுப்பகுதியில் உள்ள சில இலட்சம் நரம்புக்கலங்களே மூளை முழுவதற்கும் செரற்றோனினை வழங்குகின்றன. அவற்றின் நீண்ட நார்கள் ஹிப்போகம்பசுக்குள்ளும் அடர்த்தியாகப் பரவியிருக்கின்றன. நம் செம்மண் தோட்டங்களில் ஒரே கிணற்று நீர் வாய்க்கால் வழியாகப் பல பாத்திகளுக்கும் போய், வெங்காயத்துக்கு ஒரு விதமாகவும் புகையிலைக்கு வேறு விதமாகவும் பயன்படுவதைப் பார்த்திருப்பீர்கள். செரற்றோனினும் அப்படித்தான். அது என்ன செய்யும் என்பதை, அது போய்ச் சேரும் கலத்தின் மேற்பரப்பில் அதைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள் என்னும் புரதங்களே முடிவு செய்கின்றன. அவ்வாறான வாங்கிகளில் 14 வகைகள் அறியப்பட்டுள்ளன.

ஞாபகப் பதிவில் முக்கிய பங்குகொள்ளும் கூம்பகக் கலங்களில் 1ஏ என்னும் வாங்கி நிறைய உண்டு. செரற்றோனின் அதனுடன் இணையும்போது கல மென்சவ்வில் பொற்றாசியம் செல்லும் கால்வாய்கள் திறக்கின்றன. நேரேற்றமுடைய பொற்றாசியம் அயன்கள் வெளியேற, கலத்தின் உட்புறம் மேலும் மறையேற்றம் அடைந்து, அது கணத்தாக்கத்தை, அதாவது மின் துடிப்பை, எழுப்புவது கடினமாகிறது. உங்கள் மகன் சொன்ன அடக்கம் இதுதான். ஆனால் அதே கலத்திலேயே 4 என்னும் வாங்கியும் இருக்கிறது. வழக்கமாக ஒரு கூம்பகக் கலம் பலமுறை தொடர்ந்து கணத்தாக்கம் எழுப்பிய பின் சற்று நேரம் ஓய்ந்துபோகும். நான்காம் வகை வாங்கி அந்த ஓய்வைக் குறைத்து, வலுவான தூண்டல் வரும்போது கலம் இடைவிடாமல் பதிலளிக்கச் செய்கிறது. 1980களில் எலி மூளைத் துண்டங்களில் செய்யப்பட்ட பதிவுகளிலேயே, முதலில் அடக்கமும் பின்னர் மெதுவாக எழும் கிளர்ச்சியும் அடுத்தடுத்துத் தெளிவாகத் தெரிந்தன. எனக்கு இதில் மிகவும் அழகாகத் தோன்றுவது, ஒரே பொருள் வலுவற்ற இரைச்சலைத் தணித்து, வலுவான செய்தியைத் தாராளமாகக் கடக்கவிடக்கூடும் என்பதுதான்.

இவை தவிர, காபா என்னும் அடக்கும் பொருளைச் சுரக்கும் இடைநரம்புக்கலங்களும் அங்கே உள்ளன. அவற்றில் சிலவற்றை 3 என்னும் வாங்கி மிக விரைவாகத் தூண்டுகிறது. அவை தூண்டப்பட்டால் அருகிலுள்ள கூம்பகக் கலங்கள் அடங்கும். ஆகவே செரற்றோனினை அடக்கும் பொருள் என்றோ தூண்டும் பொருள் என்றோ ஒரு சொல்லில் அடைக்க முடியாது. ஞாபகம் மங்கும் என்று இதிலிருந்து முடிவு கட்டவும் இடமில்லை. மனச்சோர்வே கவனத்தையும் ஞாபகத்தையும் குறைக்கும் என்பதால், நோய் தணியும்போது பலருக்கு அவை மேம்படுகின்றன.

மூன்று கிழமை ஏன் போதவில்லை என்பதற்கும் வாங்கிகளே பெரும்பாலும் காரணம். குளிசை, வெளியான செரற்றோனின் மீண்டும் கலத்துக்குள் உறிஞ்சப்படுவதைச் சில மணி நேரத்திலேயே தடுக்கத் தொடங்குகிறது. ஆனால் செரற்றோனினைச் சுரக்கும் கலங்களிலும் 1ஏ வாங்கிகள் உண்டு. சுற்றிலும் செரற்றோனின் கூடியதும் அவை அக்கலங்களின் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. நாட்கள் செல்லச் செல்ல அவ்வாங்கிகளின் உணர்திறன் தணிந்த பின்னரே செரற்றோனின் வெளியீடு உயர்கிறது. ஆகையால் முழுப் பயனை அறிய 4 முதல் 8 கிழமைவரை பார்ப்பது வழக்கம்.

அடுத்த கிளினிக்கில் தங்கையின் நித்திரை, பசி, பதற்றம், மறதி ஆகியவற்றை வைத்தியரிடம் விவரமாகச் சொல்லுங்கள். அளவை மாற்றுவதா, வேறு மருந்து கொடுப்பதா என்பதை அவரே தீர்மானிப்பார். இடையில் அமைதியின்மை திடீரெனக் கூடினாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை அவள் வெளிப்படுத்தினாலோ, கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.