மேலாளர் பாடும் பழைய பாட்டு: ஜப்பானியப் பாடல்கள் பற்றிக் கேள்வி பதில்

ஜப்பானில் இன்று ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இளமையில், ஏறத்தாழ 1975 முதல் 1991 வரை, கேட்டு வளர்ந்த பாடல்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன்.

கோவை வாசகர்: இணையத்தில் 'சிட்டி பாப்' என்ற பெயரில் இரவு நகரம், நீச்சல் குளம், பனைமரம் எனப் படங்களோடு பழைய ஜப்பானியப் பாடல்கள் வருகின்றன. அக்காலத்தில் அங்கே எல்லோரும் கேட்டது இதைத்தானா?

இல்லை. பாடகி தகேஉச்சி மரியாவின் 'பிளாஸ்டிக் லவ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் வந்த அதன் ஆல்பம் நன்றாகவே விற்றது. ஆனால் மறு ஆண்டு அந்தப் பாட்டைத் தனி இசைத்தட்டாக வெளியிட்டபோது, விற்பனைப் பட்டியலில் அது 86ஆம் இடத்தைத் தாண்டவில்லை. உலகம் அதைத் தேடிப் பிடித்தது 2017க்குப் பிறகுதான். ஓதாகி எய்இச்சியின் 'எ லாங் வெக்கேஷன்' (1981) போன்ற சில ஆல்பங்கள் பெரும் வெற்றி பெற்றன, மறுக்கவில்லை. என்றாலும் அந்த இசை முதலில் பெருநகரத்துக் கல்லூரி மாணவர்களுக்கும் கார் வைத்திருந்தவர்களுக்கும் உரியது. வடக்கே அவோமோரியிலோ தெற்கே ககோஷிமாவிலோ வளர்ந்த ஒருவரிடம் அவருடைய காலத்துப் பாட்டு எது என்று கேட்டால், தொலைக்காட்சியில் பார்த்த பாட்டைத்தான் சொல்வார். இன்று இணையம் காட்டுவது, ஜப்பான் அன்று வாழ விரும்பிய வாழ்க்கை. வீட்டுக்கூடத்தில் ஒலித்தது வேறு.

மதுரை வாசகி: அப்படியானால் வீட்டில் என்ன ஒலித்தது?

வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, டிபிஎஸ் தொலைக்காட்சியின் 'தி பெஸ்ட் டென்'. 1978 ஜனவரியில் தொடங்கி 1989 செப்டம்பர் வரை ஓடியது. நேயர்களின் அஞ்சலட்டைகள், இசைத்தட்டு விற்பனை, வானொலி விருப்பங்கள், கடைகளுக்கும் மதுக்கூடங்களுக்கும் கம்பி வழியே பாட்டு அனுப்பும் 'யூசென்' சேவைக்கு வந்த கேட்புகள் ஆகியவற்றைக் கூட்டி மதிப்பெண் போடுவார்கள். உச்ச மதிப்பெண் 9999. சாய்ஜோ ஹிதேகி 1979இல் 'யங் மேன்' பாடி அதைத் தொட்டார். ரயில் நிலையப் பலகைபோலப் படபடவென்று எண்கள் புரண்டு நிற்கும், கண்ணாடிக் கதவு சுழலும், பாடகர் வெளியே வருவார்.

வர முடியாதவர்களையும் விடமாட்டார்கள். எங்கே இருக்கிறாரோ அங்கேயே கேமரா போய் நிற்கும். 1980 ஆகஸ்டில் மாட்சுதா செய்கோ முதன்முறையாகப் பட்டியலுக்குள் வந்தபோது, ஹனேதா விமான நிலையத்தில் விமானத்திலிருந்து இறங்கி, ஓடுதளத்தருகே நின்றபடியே பாடினார். அவருக்கு அப்போது பதினெட்டு வயது. அந்தத் தலைமுறையில் யாரிடம் பேச்செடுத்தாலும் இந்தக் காட்சி வந்துவிடும்.

இதில் முக்கியமானது, வீட்டில் ஒரே தொலைக்காட்சிதான் இருந்தது என்பது. பாட்டிக்கான பாட்டும் பேத்திக்கான பாட்டும் ஒரே மணி நேரத்தில் வந்தன. அதனால் இன்று ஐம்பத்தைந்து வயதானவருக்குத் தனக்குப் பிடிக்காத பாட்டும் முழுக்கப் பாடத் தெரிகிறது.

தஞ்சாவூர் வாசகர்: பாடகர்களே எழுதி இசையமைத்தார்களா?

பெரும்பாலும் இல்லை. கவிஞர், இசையமைப்பாளர், பின்னணி இசைக்கோப்பாளர், பாடகர் என்று நால்வர் வேலை. திரைப்பாடல் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. பிங்க் லேடி இரட்டையரின் வெற்றிப் பாடல்களுக்குச் சொல் அகு யூ, இசை டொகுரா ஷுன்இச்சி. மாட்சுதா செய்கோவுக்குப் பல பாடல்கள் எழுதிய மாட்சுமோட்டோ தகாஷி, அதற்கு முன் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். 1982இல் வந்த 'அகாய் ஸ்வீட் பீ' பாட்டு அவருடையதுதான். கடலுக்கு அழைத்துப் போகும் ரயில், சந்தித்து அரை ஆண்டாகியும் கையைக்கூடப் பிடிக்காத காதலன், அவ்வளவே கதை. அதற்கு மெட்டுப் போட்டவர் அப்போதே புகழ்பெற்ற பாடகியாக இருந்த மாட்சுதோயா யுமி. தன் பெயரைப் பார்த்து வாங்குகிறார்களா, பாட்டுக்காக வாங்குகிறார்களா என்று பார்க்க, குரேட்டா கருஹோ என்ற புனைபெயரில் மறைந்துகொண்டார். பழைய ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போவைத் திரித்த பெயர்!

சென்னை வாசகி: யமகுச்சி மொமொயே இருபத்தொரு வயதில் பாடுவதை விட்டுவிட்டார் என்பது உண்மையா?

உண்மை. 1973இல் பதினான்கு வயதில் பாட வந்தவர். 1980 அக்டோபர் 5 அன்று டோக்கியோவின் புதோகான் அரங்கில் கடைசி நிகழ்ச்சி. கடைசிப் பாட்டு முடிந்ததும் வெள்ளை ஒலிவாங்கியை மேடைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அடுத்த மாதம், தன்னோடு பல படங்களில் நடித்த மியுரா டொமோகசுவை மணந்தார். பிறகு எத்தனையோ பேர் விடைபெற்று, ஐந்தாறு ஆண்டுகளில் திரும்பி வந்தார்கள். இவர் வரவில்லை. 2019இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அது பாட்டைப் பற்றியது அல்ல, அவர் தைத்த ஒட்டுத்துணி வேலைப்பாடுகளைப் பற்றியது. இந்தப் பிடிவாதத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

திருச்சி வாசகர்: அரசு வானொலி போல என்எச்கே பாடல் வரிகளை மாற்றச் சொன்னதாகப் படித்தேன்.

என்எச்கே விளம்பரம் இல்லாத பொது ஒலிபரப்பு நிறுவனம். அங்கே வணிகப் பெயர் ஒலிக்கக் கூடாது. மொமொயேயின் 'பிளேபேக் பார்ட் 2' (1978) பாட்டில் சிவப்பு போர்ஷே காரில் ஒருத்தி பறக்கிறாள். என்எச்கே நிகழ்ச்சியில் அது வெறும் சிவப்புக் கார் ஆயிற்று. 1973இன் 'கந்தாகாவா'வில் வரும் 24 நிற 'குரேபாசு' (வண்ணம் தீட்டும் குச்சி) ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் என்பதால், 'கிரேயான்' என்று பாடச் சொன்னார்கள். ககுயாஹிமே குழுவினர் அதை ஏற்காமல் ஆண்டிறுதி நிகழ்ச்சியையே மறுத்துவிட்டார்கள்.

செண்டாயில் வாழும் வாசகி: என் ஜப்பானிய மாமியார் 'ட்சுகாரு கைக்யோ ஃபுயுகெஷிகி' கேட்டால் கண் கலங்குகிறார். கப்பலைப் பற்றிய பாட்டில் அப்படி என்ன இருக்கிறது?

உங்கள் மாமியாரின் ஊர் வடக்கே என்றால் கலங்காமல் எப்படி இருப்பார்? இஷிகாவா சயூரி 1977இல் பாடியது. டோக்கியோவின் உவெனோ நிலையத்திலிருந்து இரவு ரயில். இறங்கினால் அவோமோரி நிலையம் பனிக்குள். வடக்கே திரும்பும் கூட்டத்தில் யாரும் பேசவில்லை, கடலின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. பிரிந்துவந்த ஒருத்தி தனியாகக் கப்பல் ஏறுகிறாள். பிழைப்புக்காகத் தலைநகருக்குப் போன வடபகுதி மக்கள் எத்தனையோ பேர் நடந்த தளமேடை அது. ரயிலிலிருந்து இறங்கி, மூட்டையோடு துறைக்கு நடந்து, வடக்குத் தீவான ஹொக்கைடோவின் ஹகோதாதேவுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரக் கடல் பயணம்.

1988 மார்ச்சில் கடலடிச் சுரங்க ரயில் வந்தது, கப்பல் நின்றது. பாட்டில் உள்ள பயணத்தை இனி யாரும் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கப்பல்களில் ஒன்றான ஹக்கோதா மாரு அவோமோரி நிலையத்துக்குப் பக்கத்திலேயே அருங்காட்சியகமாக நிற்கிறது. பாட்டில் வரும் தப்பி முனையில் ஒரு கல்வெட்டு உண்டு. பொத்தானை அமுக்கினால் பாட்டு உரக்க ஒலிக்கும். அத்தையை ஒருமுறை அழைத்துப் போங்கள், கைக்குட்டையோடு.

டோக்கியோவின் நிஷிகசாயில் வசிக்கும் மென்பொருள் பொறியாளர்: துறைத்தலைவருக்கு 56 வயது. கரோகே போகும்போது நான் என்ன பாடுவது?

முதல் விதி: அவர் வழக்கமாகப் பாடும் பாட்டைத் தொடாதீர்கள், பக்கத்து மேசைக்காரரிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் பள்ளியில் படித்தது எண்பதுகளில். ஆகவே பாடகி நகமோரி அகினா, அன்சென் சிதாய் குழு, பாடகர் ஒசாகி யுதாகா. உங்களுக்கு மொழி தடுமாறினால் 'யங் மேன்' எடுங்கள். கையால் Y, M, C, A எழுத்துகளைக் காட்டும் இடத்தில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள், உங்கள் உச்சரிப்பை யாரும் கவனிக்கமாட்டார்கள். ஒசாகியை அவருக்கே விட்டுவிடுங்கள். உங்கள் விடுப்புப் படிவத்தில் முத்திரை குத்தும் மனிதர், திருடிய பைக்கில் தப்பி ஓடும் பதினைந்து வயதுப் பையனாகக் கண்ணை மூடிப் பாடுவதை அருகிலிருந்து பார்க்கலாம்.

நெல்லை வாசகர்: பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைத்தட்டு வாங்கக் காசு ஏது?

வாங்கவில்லை, பதிவு செய்தார்கள். 1980இல் டோக்கியோவை அடுத்த மிதாகாவில் வாடகை இசைத்தட்டுக் கடை தொடங்கியது. சில ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. காசில்லாதவர்களுக்குப் பண்பலை இருந்தது. எந்த நாளில் எந்தப் பாட்டு வரும் என்று முன்கூட்டியே அச்சிட்ட இதழ்கள் விற்றன. அதைப் பார்த்துக் கோடு போட்டுவைத்து, பதிவுப் பொத்தானில் விரலோடு காத்திருப்பார்கள். ஒரு ஆல்பம் அடங்கும் 46 நிமிடக் கேசட்டுக்குத்தான் மவுசு. அட்டையில் பாட்டுப் பெயரை எழுத, தேய்த்தால் ஒட்டும் எழுத்துத் தாள் தனியாக வாங்குவார்கள். அவசரத்தில் தேய்த்தால் எழுத்து பாதியில் பிய்ந்துவிடும்.

ஈரோடு வாசகி: இந்தப் பாடல்களை இப்போது எங்கே கேட்பது?

செய்கோ, அகினா, மொமொயே மூவரும் இணையச் சேவைகளில் கிடைக்கிறார்கள். சிட்டி பாப் பாடகர் யமாஷிதா தட்சுரோ தன் பாடல்களை அங்கே தர விரும்பாதவர், எனவே அவருக்குத் தட்டுதான் வழி. ஜப்பான் போகிறவர்களிடம் சொன்னால் புக் ஆஃப் போன்ற பழைய பொருள் கடைகளில் மலிவாக வாங்கிவரலாம். 1988 முதல் தொண்ணூறுகள் வரை வந்த தனிப்பாடல்கள் பெரும்பாலும் நீள அட்டையில் 8 செ.மீ. குட்டி சிடியாக இருக்கும். காரில் உள்ளதுபோல் தட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் கருவியில் அதைப் போடாதீர்கள், வெளியே வராது. தட்டு வைக்கும் தட்டம் வெளியே நீளும் கருவி வேண்டும். அதன் நடுவில் குட்டி சிடிக்கென்றே ஒரு பள்ளம் இருக்கும்.