வயிற்றுக் கிருமியை ஒழித்தால் முகச் சிவப்பு போகுமா?

கேள்வி: எனக்கு வயது 44, உட்லண்ட்ஸில் வசிக்கிறேன். இரண்டு வருடமாகக் கன்னமும் மூக்கும் திடீர் திடீரென்று சூடேறிச் சிறு பருக்கள் வருகின்றன. ரோசேஷியா என்றார் டாக்டர். கேஸ்ட்ரிக் தொல்லைக்காக மூச்சுப் பரிசோதனை செய்ததில் எச். பைலோரி கிருமி இருப்பது தெரிந்தது. முகத்துக்கும் அதுதான் காரணம் என்கிறாள் தோழி. மருந்து சாப்பிட்டால் இரண்டும் சரியாகுமா?

பதில்: வயிறு சரியாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. முகத்துக்கு அந்த உறுதியை என்னால் தர முடியாது.

தோழி ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. இரைப்பையில் இந்தக் கிருமி கிளப்பும் அழற்சியால் இரத்தத்தில் கலக்கும் சில பொருள்கள், முகத்தின் நுண் இரத்தக்குழாய்களை விரியவைக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. ஆனால் ஆய்வுகளில் சில தொடர்பைக் காட்டின, சில காட்டவில்லை. எல்லாவற்றையும் சேர்த்து அலசியபோது தெரிந்தது பலவீனமான தொடர்புதான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கிருமிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல், டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் ரோசேஷியாவையும் நேரடியாகத் தணிக்கும். 14 நாள் மருந்துக்குப் பிறகு முகம் தெளிந்தால், கிருமி போனதாலா, மருந்து தோலில் வேலை செய்ததாலா என்று எப்படிப் பிரிப்பது? சில மாதத்தில் பருக்கள் திரும்பி வந்தால் மனம் உடைந்துவிடாதீர்கள்.

அதற்காகக் கிருமியை விட்டுவைக்கவும் கூடாது. வயிற்றுப்புண்ணுக்கு அதுவே முக்கியக் காரணம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1994-லேயே அதைப் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்துவிட்டது. பெனிசிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். முடித்து 4 வாரமாவது கழித்து மறுபடி மூச்சுப் பரிசோதனை செய்யுங்கள். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையை அதற்கு 2 வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

சரி, முகத்துக்கு வருவோம். நம் மாநிறத்தில் சிவப்பு பளிச்சென்று தெரியாது. சூடும் எரிச்சலும்தான் முதலில் தெரியும், பிறகு கன்னம் கருத்ததுபோல் இருக்கும். மங்கு என்று நினைத்து வெள்ளையாக்கும் கிரீம் தடவுபவர்களை நிறையப் பார்க்கிறேன். ஓர் அம்மா கைப்பையிலிருந்து லேபிளே இல்லாத சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். தடவினால் நாலு நாள் பளபளப்பு, விட்டால் இரண்டு மடங்கு எரிச்சல் என்றார். ஸ்டீராய்டு கலந்த கிரீம் இப்படித்தான் செய்யும், ரோசேஷியாவையும் கிளப்பிவிடும். உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ரோசேஷியாவுக்கென்றே மெட்ரோனிடசோல் ஜெல், ஐவர்மெக்டின் கிரீம், அசெலாயிக் அமிலம் இருக்கின்றன. பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். தினமும் சன்ஸ்கிரீன் போடுங்கள், சிங்கப்பூர் வெயிலுக்கு ஓய்வே கிடையாது. சம்பால் வதக்கும்போது வாணலிக்கு மேல் குனியாதீர்கள், ஆவியும் காரமும் நேராகக் கன்னத்தில்தான் அடிக்கும். தே தாரிக் தேநீரை விட வேண்டியதில்லை, ஆறவிட்டுக் குடியுங்கள். பெரும்பாலும் முகத்தைச் சிவக்க வைப்பது அதன் சூடுதான்.

கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தினால் தள்ளிப்போடாதீர்கள், ரோசேஷியா கண்ணையும் தாக்கும். பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு நேஷனல் ஸ்கின் சென்டருக்குப் போனால் கட்டணத்தில் மானியமும் கிடைக்கும்.