வேப்பம்பட்டையில் பூஞ்சை வாடை

கேள்வி: வீட்டு வேப்பமரத்துப் பட்டையை ஒரு வாரம் நிழலில் காயவைத்தேன். வாய் கொப்பளிக்கக் கஷாயம் வைத்தால் பூஞ்சை வாடை வருகிறது. ஏன்?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பட்டையைத் தடிமனாகவே காயப்போட்டிருப்பீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் மேலே உலர்ந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அதைக் கொட்டிவிடுங்கள், கொதிக்கவைப்பதால் பூஞ்சை நஞ்சு முழுதும் போகாது.

இனி வெட்டிய கிளையில் மட்டும் பட்டை எடுங்கள். அடிமரத்தைச் சுற்றி உரித்தால் மரமே பட்டுப்போகும். சொரசொரப்பான மேல்தோலைச் சீவிவிட்டு, உள்பட்டையை மெல்லிய கீற்றாக நறுக்கி மின்விசிறிக் காற்றில் பரப்புங்கள். ஒடித்தால் 'டக்'கென்று முறியவேண்டும். 10 கிராமுக்கு 400 மில்லி தண்ணீர். சிறுதீயில் 100 மில்லியாக வற்றவைத்து வடிகட்டுங்கள். கொப்பளித்துத் துப்பவேண்டும், விழுங்கக்கூடாது. மிச்சத்தை மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

இலை குளியலுக்குப் போதும்: இரண்டு கைப்பிடி, 2 லிட்டர் தண்ணீர், 10 நிமிடக் கொதி. வேப்பிலை விளிம்பு ரம்பம்போல் இருக்கும். மழமழவென்று இருந்தால் அது செந்தாங் மரம், வேம்பின் உறவுதான், வேம்பல்ல.

குழந்தைக்கு வேப்பெண்ணெய் மட்டும் புகட்டவே வேண்டாம். மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி மலேசிய மருத்துவர்கள் 1981-லேயே எழுதியிருக்கிறார்கள்.