பால்வாடியில் எத்தனை பிள்ளைகள்? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கிராமத்து அங்கன்வாடியில் பணியாளராகப் பல வருடம் ஓடிவிட்டது. சேர்க்கை பற்றி வந்த கேள்விகளுக்கு மொத்தமாக எழுதுகிறேன்.

கே: டீச்சர், எங்கள் ஊர் மையத்தில் 60 பேர் பதிவில் இருக்கிறார்களாம். போய்ப் பார்த்தால் பத்துப் பிள்ளைதான். மீதி எங்கே?

ப: பொய்க்கணக்கு என்று உடனே முடிவுகட்டாதீர்கள் தம்பி. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 6 மாதம் முதல் கைக்குழந்தைகள் எல்லாம் அந்த 60-இல் சேர்த்திதான். அவர்களுக்குச் சத்துமாவு போகும், பாயில் வந்து உட்கார மாட்டார்கள். தினமும் வந்து பாட்டுப் பாடி, சாப்பிட்டு, தூங்கி எழுவது 2 வயது தாண்டியவர்கள். அதிலும் மழை, சளி, பாட்டி ஊர்த் திருவிழா என்று பாதி நாள் போய்விடும். என்னிடம் 18 பெயர் இருக்கிறது, 12 வந்தால் நல்ல நாள். முட்டை போடும் நாளில் கூட்டம் கூடும், அதை ஏன் மறைக்க வேண்டும்!

கே: முன்பு நாற்பது பிள்ளைகள் இருப்பார்களே அக்கா, ஏன் குறைந்தது?

ப: பிறப்பே குறைந்துவிட்டதே. பிறப்பு, இறப்பைக் கணக்கிட அரசு எடுக்கும் மாதிரிப் பதிவின் 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தைதான். அப்புறம் வேன். மூன்று வயது முடிவதற்குள் எல்கேஜி வேன் வாசலில் வந்து நிற்கிறது, கல்வி உரிமைச் சட்டத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு உள்ள 25 சதவீத இலவச இடமும் தனியார் பள்ளியின் எல்கேஜியிலேயே கிடைப்பதால் கூலிவேலைக் குடும்பமும் அந்தப் பக்கம் போகிறது. ஆக என் பாயில் பெரும்பாலும் இரண்டு, மூன்று வயதுக்காரர்கள், நாலு வயது ஒன்றிரண்டுதான். 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். நாங்கள் சொல்லிக்கொடுப்பதும் முன்பருவக் கல்விதான், ஆனால் பெற்றோருக்கு அந்த மூன்று எழுத்துப் பெயர் வேண்டியிருக்கிறது.

கே: பக்கத்து வீட்டில் பிகார் குடும்பம். பிள்ளைக்கு ஆதார் இல்லை. சேர்ப்பீர்களா?

ப: தாராளமாக. நாங்கள் பெயர் பதியும் போஷன் டிராக்கர் செயலியில் தாயின் ஆதாரை வைத்துப் பதியலாம், சாதி, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை. செங்கல் சூளையிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்தாள், மூன்று மாதத்தில் ‘நிலா நிலா ஓடி வா’ எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடினாள். சீசன் முடிந்ததும் போய்விட்டார்கள், பெயரை அடிக்கத்தான் மனசு வரவில்லை.

கே: பிள்ளைகள் குறைந்தால் மூடிவிடுவார்களா?

ப: மையம் அமைப்பதற்கான அளவுகோல் மக்கள்தொகை மா. 400 முதல் 800 பேருக்கு ஒரு மையம், 150 முதல் 400 பேர் உள்ள குடியிருப்புக்குக் குறு மையம். அதனால் வீடு வீடாகக் கணக்கெடுக்க வரும்போது ‘எங்கள் பிள்ளை கான்வென்ட்’ என்று கதவைச் சாத்தாமல், பிறந்த தேதியையாவது சரியாகச் சொல்லுங்கள்.