வார்டில் கழிக்க வேண்டிய பன்னிரண்டு மாதங்கள்

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நான் 2018-இல் கிர்கிஸ்தானில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தேன். கொரோனாவால் இடையில் பல மாதங்கள் வீட்டிலிருந்தபடியே இணையவழியில் படித்து, பிறகு திரும்பிச் சென்று படிப்பை முடித்தேன். வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே பதிவு பெற எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் மூன்றாவது முறையில்தான் தேர்ச்சி பெற்றேன். ஹவுஸ் சர்ஜன் பயிற்சிக்கு இடம் கிடைப்பதற்காக ஐந்து மாதங்களாகக் காத்திருக்கிறேன். என் படிப்புக்காக அப்பா நிலத்தை அடகு வைத்திருக்கிறார். வேறொரு மாநிலத்தில் உள்ள ஒரு மருத்துவமனையில் பணம் கட்டினால், போகாமலேயே பயிற்சி முடித்ததாகச் சான்றிதழ் வாங்கிவிடலாம், அந்த ஓராண்டில் முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். பெரியப்பாவோ தன் நண்பரின் கிளினிக்கில் இப்போதே இரவு டியூட்டி பார்க்கச் சொல்கிறார். எனக்கு இருபத்தாறு வயதாகிறது. இங்கேயே படித்த என் பள்ளித் தோழிகள் எம்.டி. சேர்ந்துவிட்டார்கள். நான் என்ன செய்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, முதலில் என் வாழ்த்துகள். 300 கேள்விகளில் 150 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்பது கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் பல ஆண்டுகளாக அந்தத் தேர்வை எழுதுவோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே தேறிவருகிறார்கள் என்பதை அறிந்தவர்கள், மூன்றாம் முறையில் தேறியதை ஒரு குறையாகச் சொல்ல மாட்டார்கள். நீங்களும் இனி அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம்.

நீங்கள் கேட்ட இரண்டு வழிகளுக்கும் என் பதில் ஒன்றுதான்: இரண்டும் வேண்டாம். காரணங்கள் வேறு என்பதால் தனித்தனியே சொல்கிறேன்.

கிளினிக்கில் இரவு டியூட்டி பார்ப்பதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. தேர்வில் தேறியதும் மாநில மருத்துவக் கவுன்சில் தருவது தற்காலிகப் பதிவு மட்டுமே. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மருத்துவமனையில், மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் பணியாற்றுவதற்கு மட்டுமே அது செல்லும். தனியாக நோயாளியைப் பார்த்து மருந்துச் சீட்டில் கையெழுத்திடும் உரிமையை அது தருவதில்லை. உரிய பதிவின்றி மருத்துவத் தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இடம் தருகிறது. சட்டத்தை விடுங்கள், இரவு இரண்டு மணிக்கு மூச்சுத் திணறலோடு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், அந்தக் கட்டடத்தில் மருத்துவர் என்று இருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமே என்றால், அந்தக் குழந்தைக்கும் உங்களுக்கும் என்ன நேரும் என்பதைப் பெரியப்பா எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். அவர் உங்கள் நன்மைக்காகவே சொல்கிறார். ஆகவே கோபமில்லாமல், பதிவு விதியைக் காட்டி மறுத்துவிடுங்கள்.

போகாமல் வாங்கும் சான்றிதழ் இதைவிடப் பெரிய ஆபத்து. அந்தச் சான்றிதழை வைத்துத்தான் நிரந்தரப் பதிவு பெறுவீர்கள். அந்தப் பதிவை வைத்துத்தான் முதுநிலை இடம், அரசு வேலை, வெளிநாட்டு வாய்ப்பு எல்லாம் வரும். பத்தாண்டு கழித்து ஒரு விசாரணையில் அடித்தளம் பொய்யென்று தெரிந்தால், அதன் மேல் எழுப்பியதெல்லாம் சரிந்துவிடும். உங்கள் அப்பா அடகு வைத்த நிலத்தை மீட்கும் வழியும் அதோடு அடைபடும்.

ஆனால் பிடிபடுவோம் என்ற பயத்தால் மட்டும் நீங்கள் அதை மறுக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவப் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பயிற்சி மருத்துவர்கள் பலர் என் யூனிட்டில் இருந்திருக்கிறார்கள். அறிவில் அவர்கள் இங்கே படித்தவர்களுக்குக் குறைந்தவர்கள் அல்லர். அவர்களுக்குக் கிடைக்காமல் போனது நோயாளியின் படுக்கையருகே கழித்த நேரம். கிர்கிஸ்தானில் பாடம் ஆங்கிலத்தில் நடந்திருக்கும். படுக்கையில் இருந்தவர் கிர்கிஸ் மொழியிலோ ரஷ்ய மொழியிலோ பேசியிருப்பார். அவரிடம் நோய் வரலாறு கேட்கும் அளவுக்கு உங்களில் எத்தனை பேருக்கு அந்த மொழி வந்தது? அதற்கு மேல், படுக்கையருகே நிற்க வேண்டிய மாதங்களில் ஒரு பகுதி கொரோனாவால் கணினித் திரை முன்னே கழிந்துவிட்டது. இந்தப் பன்னிரண்டு மாதங்கள் அந்தப் பள்ளத்தை நிரப்புவதற்கு உங்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு.

எடுத்துக்காட்டாகச் சிலவற்றைச் சொல்கிறேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கேஷுவால்டிக்கு வந்து, "வாய்வு பிடிச்சிருக்கும்மா, ஒரு ஊசி போடுங்க" என்பார். நம் ஊரில் மாரடைப்பின் முதல் பெயர் பல நேரங்களில் வாய்வுதான். அந்தச் சொல்லைக் கேட்டதும் இ.சி.ஜி. எடுக்கக் கை நீளுவது பழக்கத்தால் மட்டுமே வரும். வயலில் பாம்பு கடித்தது என்று ஒருவரைக் கொண்டு வருவார்கள். எந்தப் பாம்பு என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரத்தத்தை உறைய விடாமல் செய்யும். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்கும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, உறைகிறதா என்று பார்க்கும் அந்த எளிய சோதனை புத்தகத்தில் இரண்டு வரிதான். அந்த 20 நிமிடங்களில் இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா, சிறுநீரில் இரத்தம் தெரிகிறதா என்று ஒருவரைப் பார்த்துக்கொண்டே இருப்பது எப்படி என்பதை அங்கே நின்றுதான் கற்க முடியும்.

பூச்சிமருந்து குடித்தவரின் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருப்பதையும், நுரையீரல் தெளியும் வரை அட்ரோபின் மருந்தைத் திரும்பத் திரும்பச் செலுத்துவதையும் நீங்கள் உங்கள் கையால் செய்திருக்க வேண்டும். ஒரு வாரமாகக் காய்ச்சல் என்று வருபவரின் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால், உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் நோய் சில நேரம் எந்தப் பரிசோதனையும் இல்லாமலே புலப்பட்டுவிடும். என் யூனிட்டில் ஒரு பயிற்சி மருத்துவர், உங்களைப் போல மத்திய ஆசிய நாடொன்றில் படித்தவர், மற்றவர்கள் வெறும் வைரஸ் காய்ச்சல் என்று எழுதிய ஒரு மூதாட்டியின் உடலில் அந்தப் பொருக்கைக் கண்டுபிடித்தார். கூச்சப்பட்ட பாட்டியிடம் பொறுமையாகப் பேசி, திரை கட்டி, புடவையை விலக்கிப் பார்த்ததால்தான் அது கண்ணில் பட்டது. அன்றே மருந்து தொடங்கினோம். நான்காம் நாள் பாட்டி தானே எழுந்து நடந்தார்.

2021-ஆம் ஆண்டின் கட்டாயச் சுழற்சிப் பயிற்சி விதிகள் இந்த ஓராண்டைப் பிரித்திருக்கும் விதத்தையும் கவனியுங்கள். அதிக காலம், அதாவது 12 வாரங்கள், சமூக மருத்துவத்துக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மகப்பேறு மருத்துவத்துக்கு 7 வாரங்கள். பொது மருத்துவத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் ஆறாறு வாரங்கள். அந்தப் பன்னிரண்டு வாரங்களைப் படிப்பதற்குக் கிடைத்த விடுமுறையாகப் பலர் கழிக்கிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியரோடு ஒரு நாள் வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். சர்க்கரை நோய் மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினார்கள், இரும்புச் சத்து மாத்திரை ஏன் அலமாரியிலேயே கிடக்கிறது என்பதற்கெல்லாம் அங்கேதான் விடை கிடைக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் உங்கள் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அது எப்படி நடக்கிறது என்பதை நேரில் பார்க்கும் வாய்ப்பும் உங்களுக்குக் கிடைக்கும்.

இனி காத்திருப்பைப் பற்றி. ஐந்து மாதம் என்பது வேதனையான காலம்தான். ஒரு மருத்துவக் கல்லூரி, தனக்கு அனுமதிக்கப்பட்ட இடங்களில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டுப் பட்டதாரிகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. நூறு இடங்கள் உள்ள கல்லூரியில் ஏழு பேர் என்றால், தேறி வருவோர் அதிகமாக இருக்கும்போது வரிசை நீளத்தான் செய்யும். சான்றிதழ்களின் உண்மைத்தன்மையை உறுதிசெய்து பதில் வரும் வரை ஆகும் தாமதமும் இதோடு சேர்கிறது. ஆகவே உங்கள் கோப்பில் எந்தக் குறையும் இல்லாதபடி பார்த்துக்கொள்வதே இப்போது உங்கள் கையில் இருப்பது: பட்டச் சான்று, ஆண்டுவாரி மதிப்பெண் பட்டியல், நீட் தகுதிச் சான்று, எஃப்.எம்.ஜி.இ. தேர்ச்சிச் சான்று, பாஸ்போர்ட்டில் நீங்கள் போய்வந்த நாள்களின் முத்திரை உள்ள எல்லாப் பக்கங்கள். உங்கள் நிலையில் இன்னொன்றும் மிக முக்கியம். இணையவழியில் படித்த காலத்தைத் திரும்பிச் சென்று நேரில் படித்து ஈடுசெய்ததாகப் பல்கலைக்கழகம் நாள், வாரக் கணக்கோடு தரும் சான்றை இன்னும் வாங்கவில்லை என்றால், உடனே கேட்டு வாங்குங்கள். கொரோனாவாலும் உக்ரைன் போராலும் இறுதியாண்டில் திரும்பி வந்து, 2022 ஜூன் 30-க்குள் படிப்பை முடித்தவர்களுக்கு, நேரடிப் பயிற்சி குறைந்ததைக் காரணமாகக் காட்டி இரண்டாண்டுப் பயிற்சி தேவை என்று 2022 ஜூலையில் தேசிய மருத்துவ ஆணையம் சொன்னது. நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேராதவர் என்பதைக் காட்டப் போவது உங்கள் பாஸ்போர்ட் முத்திரைகளும் அந்தச் சான்றும்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கிடைத்தால் சென்னையின் பெரிய கல்லூரிகளையே நாட வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து. அங்கே முதுநிலை மாணவர்கள் நிறைய இருப்பார்கள். கையால் செய்யும் வேலை உங்களுக்கு வந்து சேர்வதற்குள் போஸ்டிங் முடிந்துவிடும். தருமபுரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் கிருஷ்ணகிரியும் நாமக்கல்லும் உங்களுக்கு அருகில் உள்ளவை. ஒதுக்கீட்டுப் பட்டியலில் இவற்றுள் எது இருந்தாலும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுவதும் அந்தக் கவலைதான் இருக்கிறது. பயிற்சிக்காக வெளிநாட்டுப் பட்டதாரிகளிடம் மருத்துவக் கல்லூரிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்றும், இங்கே படித்தவர்களுக்குத் தரும் உதவித்தொகையையும் வசதிகளையும் அவர்களுக்கும் தர வேண்டும் என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022 மார்ச் 4-ஆம் தேதியே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. உதவித்தொகை கிடைக்காத சிலர் வழக்குத் தொடுத்தபோது, வெளிநாட்டில் படித்தவர்களை வேறுபடுத்தி நடத்தக் கூடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும் சொல்லியது. ஆகவே மாதந்தோறும் ஒரு தொகை உங்கள் கைக்கு வரும். அது நிலத்தை மீட்காது. ஆனால் அந்த ஓராண்டுக்கு அப்பாவிடம் கைநீட்டாமல் இருக்கலாம். யாராவது பணம் கேட்டால், எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லுங்கள். அதன் நகலை மாநிலக் கவுன்சிலுக்கும் ஆணையத்துக்கும் அனுப்புங்கள்.

முதுநிலைத் தேர்வு எங்கும் போய்விடாது. ஒவ்வோர் ஆண்டும் எந்த நாளுக்குள் பயிற்சியை முடித்திருக்க வேண்டும் என்பதை அறிவிப்பில் சொல்வார்கள். உங்கள் பயிற்சி தொடங்கும் நாளை வைத்து எந்த ஆண்டுத் தேர்வு பொருந்தும் என்று இப்போதே கணக்கிட்டுவிடுங்கள். விடுப்பு 15 நாள்தான். அதற்கு மேல் எடுத்தால் பயிற்சி அத்தனை நாள் நீளும். சில நாள் வித்தியாசத்தில் ஒரு முழு ஆண்டை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சிப் பதிவேடான லாக் புக்கில் அந்தந்தப் பிரிவு முடிந்த அன்றே கையெழுத்து வாங்குங்கள். மாறுதலாகிப் போன பேராசிரியரைப் பின்னால் தேடி அலைவது எளிதல்ல.

உங்கள் தம்பி தங்கைகளோ வேறு வாசகர்களின் பிள்ளைகளோ இனி வெளிநாட்டுக்குப் போவதாக இருந்தால், அவர்களுக்கான விதி வேறு. 2021 நவம்பர் 18-க்குப் பின் சேர்ந்தவர்கள் குறைந்தது 54 மாதப் படிப்பையும், அதே வெளிநாட்டு நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியையும் ஆங்கில வழியில் முடித்து, அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதியோடு வந்து, இங்கே மீண்டும் 12 மாதம் பயிற்சி எடுக்க வேண்டும். முகவர்கள் இதைச் சொல்வதில்லை. பணம் கட்டும் முன் பெற்றோர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

தோழிகள் எம்.டி. சேர்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வார்டில் உங்களைவிட இரண்டு வயது இளையவர் உங்களுக்கு வேலை சொல்லும் நாள் வரும். யாராவது ஒருவர், "நீங்க ஃபாரினா?" என்று முகம் சுளித்துக் கேட்கவும் கூடும். முதல் வாரத்திலேயே யூனிட்டில் உள்ள மூத்த செவிலியரிடம் போய், "சிஸ்டர், எனக்கு ஐ.வி. போட்டுப் பழக்கம் குறைவு, பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். முப்பது ஆண்டுகளில் அப்படிக் கேட்ட எவரையும் செவிலியர்கள் திருப்பி அனுப்பி நான் பார்த்ததில்லை. எந்த மருத்துவமனை கிடைத்தது என்று தெரிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.